பெருந்திரள் மருந்தாய்வு வளர்ந்த வரலாறு: ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வுப் பிரிவை முன்வைத்து

மாரடைப்பு என்று தெரிந்ததும் ஆஸ்பிரின் மாத்திரையை மென்று விழுங்கச் சொல்வது இன்று சிற்றூர் மருத்துவமனைகளிலும் வழக்கம். இவ்வழக்கத்துக்கு உறுதியான அடித்தளமிட்டது 1988 ஆகஸ்டில் லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வு. அதை ஒருங்கிணைத்தது, 1975இல் தொடங்கப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மருந்தாய்வுப் பிரிவு. அப்பிரிவின் பெருமை புது மருந்து கண்டதில் இல்லை. ஏற்கெனவே கையிலுள்ள மருந்து உயிரைக் காக்கிறதா என்று ஐயமறச் சொல்லும் முறையை வளர்த்ததில்தான் இருக்கிறது என்பது என் துணிபு.

அம்முறையின் வேர் 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் இருக்கிறது. பிராட்ஃபோர்டு ஹில் வகுத்த அந்த ஆய்வில் காசநோயாளிகள் 107 பேர். யாருக்கு மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. ஒட்டிய உறைக்குள் இருந்த சீட்டு முடிவு செய்தது. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும் பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தனர். பலன் இவ்வளவு பெரிதாக இருந்தால் நூறு பேரே போதும். ஹில்லுடன் சேர்ந்து புகைப்பழக்கத்தின் கேட்டை ஆராய்ந்த ரிச்சர்ட் டால் 1969இல் ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். அவருடன் பணியாற்றிய புள்ளியியலாளர் ரிச்சர்ட் பீட்டோவே புதிய பிரிவின் தூணானார்.

மாரடைப்பில் சிக்கல் வேறு. நூற்றுக்குப் பன்னிரண்டு இறப்புகளை ஒன்பதாகக் குறைக்கும் மருந்தைச் சில நூறு பேரிடம் சோதித்தால் உண்மைப் பலனையும் தற்செயலையும் பிரித்தறிய முடியாது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் பற்றிச் சிறு ஆய்வுகள் பல நடந்தும் மருத்துவர்கள் ஒருமித்த முடிவுக்கு வராததற்கு இதுவே காரணம். பீட்டோ, ரோரி காலின்ஸ், பீட்டர் ஸ்லெய்ட், கேரளத்தில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் பயின்ற சலீம் யூசுப் ஆகியோர் கண்ட விடை: ஆள் எண்ணிக்கையைப் பல்லாயிரமாக்குவது, அதற்காக வார்டு மருத்துவரின் வேலையை இயன்றவரை எளிதாக்குவது.

தொடக்கத்தில் சொன்ன 1988 ஆய்வான ஐசிஸ்-2இல் அதைக் காணலாம். நள்ளிரவில் நோயாளி வந்தாலும் மருத்துவர் ஒரு தொலைபேசி எண்ணை அழைத்துச் சில விவரங்கள் சொன்னால் போதும். எந்த மருந்துப் பெட்டியைப் பிரிப்பது என்று பதில் வரும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறும். 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஒரு மாதம். சிலருக்கு இரண்டும், சிலருக்கு ஒன்று, சிலருக்கு வெறும் போலி மருந்து. 417 மருத்துவமனைகளில் 17,187 பேர் சேர்ந்தனர். இரண்டும் பெறாதவர்களில் இதய, இரத்தநாளக் காரணங்களால் ஐந்து வாரத்துக்குள் இறந்தோர் 13.2 விழுக்காடு, இரண்டும் பெற்றவர்களில் 8 விழுக்காடு.

நோயாளிகளைப் பல துணைக்குழுக்களாகப் பிரித்துப் பார்ப்பதில் உள்ள ஆபத்தைக் காட்ட, ஆய்வர்கள் அவர்களை ராசிவாரியாகவும் பிரித்து வெளியிட்டனர். (நம் ஊர்ச் சந்திர ராசி அன்று, பிறந்த தேதியை வைத்துச் சொல்லும் மேலை ராசி.) மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுக் கெடுதல் என்றே கணக்கு வந்தது! கணக்கில் பிழையில்லை. போதிய அளவு கூறுபோட்டால் தற்செயலும் உண்மை போலத் தோன்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

2020இல் கொரோனாவுக்கு மருந்து தேடிய ரெக்கவரி ஆய்வு இதே மரபின் வாரிசு. பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லான்ட்ரே தலைமையில் திட்டம் வரைந்த ஒன்பதாம் நாளே முதல் நோயாளி சேர்க்கப்பட்டார். ஜூன் 16 அன்று முடிவு வந்தது: மலிவான பழைய ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன், வென்டிலேட்டரில் இருந்தோரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும் ஆக்சிஜன் மட்டும் பெற்றோரின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை. இதுவும் துணைக்குழுக் கணக்குதான். ஆனால் ராசிக் கணக்கு போன்றதன்று: இப்படிப் பிரிப்பது என்று முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது, நோயின் தன்மையோடும் பொருந்தியது.

2021இன் இரண்டாம் அலையில் இந்தியாவில் ஆக்சிஜன் தேவைப்படாத பலருக்கும் ஸ்டீராய்டு எழுதித் தரப்பட்டது. கருப்புப் பூஞ்சை நோய் பெருகியதற்குக் கட்டுப்படாத சர்க்கரையோடு இதையும் ஒரு காரணமாக மருத்துவ வல்லுநர்கள் சுட்டினர். யாருக்குப் பலனில்லை என்பதும் ரெக்கவரி ஆய்வறிக்கையில் முன்னரே அச்சாகியிருந்தது.