நீலகிரியில் மண்வள ஆராய்ச்சியும் பயிற்சியும்

நீலகிரியில் இளம் மண் ஆராய்ச்சியாளர்களையும் களப்பணியாளர்களையும் பழக்கும் வேலை, 1954இல் உதகமண்டலத்தில் நிறுவப்பட்ட மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி, செயல்விளக்க, பயிற்சி மையத்தோடு முறைப்படி தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு அமைந்த மத்திய மண்வளப் பாதுகாப்பு வாரியம் டேராடூன், கோட்டா, பெல்லாரி முதலிய ஊர்களிலும் இத்தகைய மையங்களைத் திறந்தது. உதகை மையம் 1967இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் வந்தது. 1974 முதல் டேராடூன் நிறுவனத்தின் கிளையாக இயங்குகிறது. தேயிலை மண்ணைப் பற்றிய ஆய்வு இதற்கும் மூத்தது. உபாசி எனப்படும் தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம் 1926லேயே அதைத் தொடங்கிவிட்டது.

மையம் வரக் காரணம் மலைச்சரிவே. உருளைக்கிழங்குக்கு மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிப் பார் பிடிப்பது இங்கே பழைய வழக்கம். தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகாது என்பது விவசாயியின் கணக்கு; அதில் நியாயமும் உண்டு. ஆனால் கனமழையில் பார்களின் இடைவெளியே வாய்க்காலாகி மேல்மண்ணை வாரிக்கொண்டு போகும். அந்த மண் கீழேயுள்ள குந்தா மின்திட்ட அணைகளில் வண்டலாகப் படியும். மாற்றாக மையம் பரிந்துரைத்தது, மலைப்பக்கம் சற்றே சாய்ந்த படிக்கட்டு நிலம்.

பயிற்சியில் அடிப்படைப் பாடம் மண் இழப்பை அளப்பது. சரிவில் ஒரு பாத்தியைச் சுற்றிலும் தடுத்து, அடியில் தொட்டி வைப்பார்கள். மழைநீர் முழுவதையும் பிடிக்கத் தொட்டி கொள்ளாது. ஆகவே ஒற்றைப்படை எண்ணில் பிளவுகள் வெட்டிய தகடு வழியாக விட்டு, நடுப்பிளவின் நீரை மட்டும் சேகரிப்பார்கள். மழை நின்றதும் அதை அடிவரை கலக்கி, ஒரு லிட்டர் முகந்து, வடிகட்டி, 105 டிகிரி செல்சியஸில் உலர்த்தி எடை போட வேண்டும். சரியாகக் கலக்காவிட்டால் மணல் அடியில் தங்கிவிடும், கணக்கு குறையும். பாடநூல் சொல்லித் தராத இந்தக் கைப்பழக்கம் மழையில் நின்றால்தான் வரும்.

மையத்தின் பெயர் சொல்லும் ஆய்வு கிளன்மார்கனில் நடந்தது. சோலையும் புல்வெளியுமான இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை 1968 முதல் சில ஆண்டுகள் அப்படியே அளந்தார்கள். 1972இல் ஒன்றின் 59 விழுக்காட்டுப் பரப்பில் கற்பூர மரம் எனப்படும் யூகலிப்டஸை நட்டார்கள். முதல் பத்தாண்டில் அதன் நீர்வரத்து சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டியபின் தழைத்த மறுதாம்பில் குறைவு இன்னும் கூடியது. கற்பூர மரம் தண்ணீரைக் குடிக்கிறது என்ற ஊர்ப்பேச்சுக்கு எண் கிடைத்தது இப்படித்தான்.

மண்ணின் பணி நீரைப் பிடிப்பதோடு முடியவில்லை. புல்வெளிப் பள்ளங்களில் கரிமத்தைச் சேர்த்துவைத்த கருமையான முற்றாநிலக்கரி மண் உண்டு. அதன் கரிம ஐசோடோப்புகளைக் கொண்டு ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்டோர் சுமார் 20,000 ஆண்டுத் தட்பவெப்ப வரலாற்றைக் கணித்து, 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர்.

இன்றைய இளம் ஆய்வாளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்றாண்டுத் திட்டம். கிளன்மார்கன் கணக்கு தேறக் கால் நூற்றாண்டு ஆயிற்று. யாரோ தொடங்கிய அளவீட்டை அடுத்தவர் விடாமல் எடுத்ததால்தான் அது நிறைவேறியது. பயிற்சித் திட்டங்கள் முதலில் உறுதி செய்ய வேண்டியது இந்தத் தொடர்ச்சியைத்தான்.