திருநங்கையருக்கும் திறக்கட்டும் கல்லூரிக் கதவு

கோலசிலாங்கூர் மாவட்டத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்திற்கு மலேசிய வரலாற்றில் தனி இடம் உண்டு. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்குதான் அமைத்தார். பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி லயத்து வீடுகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தைப் பார்க்கிறார்கள். 1999இல் தொடங்கப்பட்ட யுனிசெல் எனப்படும் சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், இருக்கிறது. வடக்கே சபாக் பெர்ணம் பக்கம் சுல்தான் இட்ரிஸ் ஷா பொலிடெக்னிக்கும் உண்டு.

தோட்டத்துப் பிள்ளைக்குக் கல்வியை விட்டால் வேறு ஏணி இல்லை. புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் ராஜா மூசாவிலும் தலைமுறை தலைமுறையாகப் பெற்றோர் சொல்லி வரும் பாடம் இது. அந்த ஏணியில் கால் வைக்க எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கிறதா என்பதே கேள்வி. ஆண் என்று பதிவு செய்யப்பட்டுத் தன்னைப் பெண்ணாக உணரும் பிள்ளையும், பெண் என்று பதிவு செய்யப்பட்டுத் தன்னை ஆணாக உணரும் பிள்ளையும் தோட்டங்களிலும் பிறக்கிறார்கள். பள்ளியில் கேலி, வீட்டில் அடி, ஊரில் ஏச்சு என்று ஆன பிறகு, எஸ்பிஎம் தேர்வுக்கு முன்பே கோலாலம்பூருக்குப் பஸ் ஏறி விடும் பிள்ளைக்குக் கல்லூரி எங்கே எட்டும்?

இலக்கணம் தந்த இடம்

இது புதிதாக முளைத்த விவகாரம், மேல்நாட்டு நாகரிகம் என்று சொல்பவர்கள் உண்டு. தமிழின் மிகப் பழைய இலக்கணமான தொல்காப்பியத்தைத் திறந்து பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது. சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயரை எப்படி வழங்குவது என்று தொல்காப்பியர் விதி செய்கிறார். அவர்களுக்கெனத் தனி விகுதி இல்லை. உயர்திணைக்குரிய விகுதிகளையே அவர்கள் ஏற்பார்கள் என்கிறார். அதே நூற்பாவில் தெய்வத்தைக் குறிக்கும் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்.

பிற்காலத்து நன்னூலில் பவணந்தி முனிவர் இன்னும் ஒரு படி போகிறார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவரைப் பெண்பாலாகவும் கொள்ள வேண்டும் என்கிறார். ஆனால் அஃறிணை போல வழங்கவும் அதே நூற்பா இடம் கொடுத்து விட்டது. மதிப்பும் இழிவும் அன்றே பக்கத்தில் பக்கத்தில் இருந்ததற்கு இதுவே சாட்சி. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் பேடி ஆடலும் ஒன்று.

ஆங்கிலேயர் காலத்தில் இழிவு சட்டமாகவே ஆனது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் வட இந்தியப் பகுதிகளில் இவர்களைப் பதிவேட்டில் எழுதி வைக்கச் சொன்னது. பதிவானவர்கள் பெண் உடையில் பொது இடத்தில் நடமாடினால் தண்டனை. ஊருக்கு ஆடிப் பாடிப் பிழைத்தவர்கள் காவல் நிலையத்தின் கண்காணிப்பில் வாழ வேண்டியதாயிற்று.

தமிழகம் போட்ட பாதை

அந்த நிலை மாறத் தொடங்கிய இடங்களில் தமிழ்நாடு முன்னணியில் நின்றது. பாலின அடையாளத்தைக் காரணம் காட்டிப் பள்ளி, கல்லூரிகளில் இடம் மறுக்கக் கூடாது என்று 2006 டிசம்பரில் அரசாணை வந்தது. 2008 ஏப்ரல் 15ஆம் நாள் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. அதே ஆண்டில் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கையில் ஆண், பெண் என்ற இரண்டோடு மூன்றாம் பாலினத்துக்கும் இடம் தரப்பட்டது. அலி என்ற ஏச்சுச் சொல் போய், அரவாணி என்ற பெயர் வந்து, பிறகு திருநங்கை, திருநம்பி என்ற மதிப்பான சொற்கள் நிலைத்தன.

2014 ஏப்ரல் 15ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் தீர்ப்பு வழங்கியது. தம் பாலினம் எது என்று தீர்மானிக்கும் உரிமை அவரவருக்கே உண்டு என்றும், கல்வியிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு தரப்பட வேண்டும் என்றும் அது கூறியது. 2018இல் கேரள அரசு, பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் இரண்டு கூடுதல் இடங்களைத் திருநர்க்கு ஒதுக்கியது. கல்வி நிலையங்கள் பாகுபாடு காட்டுவதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது.

ஆணை வந்தால் போதுமா?

ஆணை மட்டும் போதாது என்பதைச் சிலரின் வாழ்க்கை காட்டுகிறது. தூத்துக்குடியைச் சேர்ந்த கிரேஸ் பானு, பள்ளியில் மற்ற மாணவர்களோடு பழக விடாமல், தாமதமாக வந்து முன்னதாகவே திரும்பும்படி வைக்கப்பட்டவர். அவர் 2014இல் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். தமிழ்நாட்டில் பொறியியல் படிக்க இடம் பெற்ற முதல் திருநங்கை என்று அறியப்பட்டார். 2017இல் தாரிகா பானு சித்த மருத்துவம் படிக்க விரும்பினார். அவருக்கு நீதிமன்றத்தின் வழியாகத்தான் கதவு திறந்தது.

லிவிங் ஸ்மைல் வித்யா மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். பட்டம் கையில் இருந்தும் பிச்சை எடுக்க நேர்ந்த கதையை அவர் 2007இல் 'நான், வித்யா' என்ற நூலாக எழுதினார். சேலத்தின் பிரித்திகா யாஷினி கணினித் துறைப் பட்டதாரி. காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு அவர் அனுப்பிய விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர் கையில் பட்டம் இல்லாதிருந்தால் அந்த வழக்கே எழுந்திருக்காது. படிப்பு வேலையைத் தானாகக் கொண்டு வந்து விடாது; ஆனால் உரிமையைக் கேட்க ஒரு காலடி நிலம் தரும்.

அடையாளக் கார்டின் கடைசி எண்

மலேசியாவில் சிக்கல் அடையாளக் கார்டில் தொடங்குகிறது. அதன் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். விடுதி அறை, கழிவறை, உடை விதி எல்லாம் அந்த ஓர் எண்ணைப் பார்த்தே முடிவாகின்றன.

இதை மாற்றக் கேட்டு நீதிமன்றம் போனவர்களுக்கு ஒரே மாதிரியான விடை கிடைக்கவில்லை. ஈப்போ உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி.தி. சிங்கம், இது நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டிய விஷயம் என்று மறுத்தார். 2005இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் பூங், பெண்ணாக மாறிய ஒருவரின் கோரிக்கையை ஏற்றார். 2016இல் நீதிபதி நந்தபாலனும் அவ்வாறே தீர்ப்பளித்தார். ஆனால் அடுத்த ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளி விட்டது. கூட்டரசு அரசமைப்பின் 8ஆம் பிரிவில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சொல் 2001இல்தான் சேர்க்கப்பட்டது.

மலேசியத் திருநங்கையரைப் பற்றி ஆய்வாளர் தே யிக் கூன் 2002இல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். மாக் ஞா என்று தங்களை அழைத்துக் கொள்ளும் இவர்கள் வேலைக்கு அலைந்து ஒதுக்கப்படுவதை அது பதிவு செய்கிறது. ஆனாலும் இவர்களில் தலை நிமிர்ந்தவர்களும் உண்டு. திருநர் நலனுக்காக உழைக்கும் நிஷா ஆயுப்புக்கு 2016இல் அனைத்துலக வீரப் பெண்மணி விருதை அமெரிக்கா வழங்கியது.

வளாகத்தில் செய்யக்கூடியது

நாட்டுச் சட்டம் மாறும் வரை கல்லூரி கையைக் கட்டிக் கொண்டிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. சட்டத்தைத் தொடாமலே செய்யக்கூடியவை பல உண்டு.

முதலாவது பெயர். வருகைப் பதிவில் எந்தப் பெயர் இருந்தாலும், மாணவர் விரும்பும் பெயரால் அழைக்க விரிவுரையாளருக்கு ஒரு காசும் செலவில்லை. இரண்டாவது கழிவறை. அண்டை நாடான தாய்லாந்தில் சிசாக்கெட் மாநிலத்துக் கம்பாங் இடைநிலைப்பள்ளி 2008இலேயே திருநங்கை மாணவர்களுக்குத் தனிக் கழிவறை அமைத்தது. ஒருவர் மட்டும் பயன்படுத்தும், கதவு பூட்டும் கழிவறை ஒன்றிரண்டு இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். உடற்குறை உள்ளவர்களுக்கும் அது பயன்படும்.

மூன்றாவது தங்குமிடம். 2017இல் கொச்சி மெட்ரோ இரயில் நிறுவனம் திருநங்கையரைப் பெருமையோடு வேலைக்கு எடுத்தது. வாடகைக்கு வீடு கொடுக்க ஆள் இல்லாததால் சிலர் சில நாள்களிலேயே வேலையை விட்டனர். படிக்க இடம் கொடுத்து, படுக்க இடம் கொடுக்காவிட்டாலும் முடிவு அதுதான். விடுதியில் தனியறை கொடுக்கலாம். நான்காவது பாதுகாப்பு. பகடிவதையைப் பற்றிப் புகார் கொடுக்க வரும் மாணவரிடம், நீ ஏன் இப்படி நடக்கிறாய் என்று கேட்காத ஆலோசகர் ஒருவர் வேண்டும்.

இதனால் மற்றப் பிள்ளைகள் கெட்டுப் போவார்களா என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. பக்கத்து மேசையில் இருப்பவரைப் பார்த்து எவரும் திருநங்கையாக மாறுவதில்லை. அடித்துத் திருத்தலாம் என்று நினைத்த வீடுகளில் பிள்ளை திருந்தவில்லை. வீட்டை விட்டு ஓடியது. அப்படி ஓடிய பிள்ளைக்குத் தெருவில் காத்திருப்பது என்ன என்பதைப் பெற்றோரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கல்லூரிக்கு முன்னால் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்கு முன்னால் வீடு இருக்கிறது. பால்வாளி சுமந்த பாட்டியும் செம்பனைக் குலை வெட்டிய தாத்தாவும் தங்கள் பிள்ளைகளில் ஒருவரைக் கழித்து விட்டு மற்றவர்களை மட்டும் படிக்க வைக்க வேண்டும் என்று கனவு காணவில்லை. எஸ்பிஎம் முடியும் வரை அந்தப் பிள்ளையை வீட்டில் வைத்துக் காப்பது பெற்றோரின் பொறுப்பு. அதன் பிறகு அந்தப் பிள்ளைக்கு ஓர் அறையும், அழைக்க ஒரு பெயரும் கொடுப்பது கல்லூரியின் பொறுப்பு.