முடியாது சார்!

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் வழியில், வீராணம் ஏரியை ஒட்டி இருக்கிறது லால்பேட்டை. வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பெயர் போன ஊர். வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கும்தான். துபாய், சவூதி, குவைத், சிங்கப்பூர் என்று அநேகமாக வீட்டுக்கு ஒருவர் எங்காவது இருப்பார்.

ஊரில் விமான நிலையம் கிடையாது. ஆனால், எந்த ஃப்ளைட் எத்தனை மணிக்கு இறங்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். விடியற்காலையில் சென்னையில் இறங்குகிறவரை அழைத்துவர, முதல் நாள் ராத்திரியே வாடகைக் கார் கிளம்பிவிடும். போக ஐந்தாறு மணி நேரம். வர ஐந்தாறு மணி நேரம். டிரைவர் ஒருவர்தான்.

அப்படி ஒரு காரில் நானும் ஒருமுறை தொற்றிக்கொண்டேன். விக்கிரவாண்டி தாண்டியதும் வண்டி லேசாக ஓரம் ஒதுங்கியது. டிரைவர் தம்பி தலையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

"தூங்கி எத்தனை நாளாச்சுப்பா?"

"நேத்து திருச்சி ஏர்போர்ட் சார். இன்னிக்கு சென்னை."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

சிரித்தார். "ஒருவாட்டி முடியாதுன்னா, அடுத்தவாட்டி கூப்பிட மாட்டாங்க சார்."

இந்தப் பதிலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பல கோடி ரூபாய் தனி ஜெட் விமானத்தை ஓட்டும் பைலட்டின் கதையும் இதுதான். காரில் பின்சீட்டில் இருப்பவர் துபாய்க்காரர். ஜெட்டில் இருப்பவர் அமைச்சர், தொழிலதிபர், சினிமா நட்சத்திரம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தியாவில் டாடாவின் விமானத் தபால் தொடங்கியபோது இந்தச் சிக்கல் இல்லை. காரணம், முதலாளியே பைலட்! 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு சின்ன பஸ் மாத் விமானத்தை ஓட்டி வந்தவர் ஜே.ஆர்.டி. டாடா. பம்பாயில் மூட்டையை வாங்கிக்கொண்டு மதராஸ் நோக்கிப் பறந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். இரவு பெல்லாரியில் தங்கல். மறுநாள்தான் மதராஸ். 'ஏன் ராத்திரியே போகவில்லை?' என்று வின்சென்ட்டைக் கேட்க யாரும் இல்லை.

முதலாளி வேறு, பைலட் வேறு என்று ஆனதும்தான் வில்லங்கம் ஆரம்பித்தது. அமெரிக்காவில் அது சீக்கிரமே வெடித்தது. அங்கே பைலட்டுகள் 1931-ல் டேவிட் பெங்கே தலைமையில் சங்கம் கட்டினார்கள். அடுத்த வருடமே ஈ.எல். கார்டு என்ற முதலாளி சம்பளத்தைக் குறைக்க, வேலைநிறுத்தம். 1934-ல் தொழிலாளர் வாரியம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பைலட் பறக்கக்கூடாது. 'பைலட்டும் மனுஷன்தான்' என்று காகிதத்தில் எழுதிவைத்த ஆரம்ப காலத் தீர்ப்புகளில் அதுவும் ஒன்று.

இன்று அமெரிக்க வாடகை விமானங்களுக்கு விதி இப்படி: ஒரே ஒரு பைலட் என்றால் 24 மணி நேரத்தில் 8 மணி நேரம் பறக்கலாம். இரண்டு பைலட் என்றால் 10. நடுவே தொடர்ந்து 10 மணி நேர ஓய்வு. வருடத்துக்கு 1,400 மணி நேரம்தான் உச்சம். நம் ஊரில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் ஒரு சொட்டு மது கூடாது.

இங்கே ஒரு ஓட்டையும் இருக்கிறது. காரில் 'ஓன் போர்டு', 'டி போர்டு' என்று சொல்கிறோம் அல்லவா? விமானத்திலும் அதே கதைதான். சொந்த உபயோகத்துக்கான விமானம் வேறு, வாடகைக்கு ஓட்டும் விமானம் வேறு. வாடகை என்றால் கெடுபிடி அதிகம். அமெரிக்காவில் சொந்த உபயோகம் என்றால் வேலை நேரக் கணக்கே பெரும்பாலும் கிடையாது. அப்புறமென்ன? வெள்ளை போர்டு வண்டியில் சவாரி அடிப்பதுபோல வானத்திலும் அடித்தார்கள்.

2019 ஜனவரி 21. கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பிரான்ஸிலிருந்து வேல்ஸுக்குச் சின்ன விமானத்தில் கிளம்பினார். இரவு. விமானம் கடலில் விழுந்தது. விமானியிடம் வாடகைக்கு ஓட்டும் உரிமமும் இல்லை, இரவில் ஓட்டும் தகுதியும் இல்லை என்பது பிறகு தெரிந்தது. பயணத்துக்கு ஏற்பாடு செய்தவருக்கு 2021-ல் 18 மாதச் சிறை.

சரி, உரிமம், அனுபவம் எல்லாம் பக்காவாக இருந்தால்? அப்போதும் பின்சீட்காரர் இருக்கிறாரே!

2001 மார்ச் 29. கலிபோர்னியாவிலிருந்து மலை ஊரான ஆஸ்பெனுக்கு வாடகை ஜெட். கிளம்பும்போதே தாமதம். ஆஸ்பெனில் இருட்டிய பிறகு இறங்கத் தடை. வானிலையும் சரியில்லை. வேறு ஊரில் இறங்க வேண்டி வரலாம் என்று பேச்சு எழுந்ததுமே, விமானத்தை வாடகைக்கு எடுத்தவர் கொதித்துவிட்டார். விமானம் ஆஸ்பெனில்தான் இறங்க வேண்டும் என்று நிறுவனத்துக்கே போன் போனது. போதாக்குறைக்கு, இறங்கும் நேரத்தில் ஒரு பயணி காக்பிட்டிலேயே உட்கார்ந்திருந்தார். ஓடுதளம் கண்ணுக்குத் தெரியாமலேயே விமானம் தாழ்ந்தது. மலையில் மோதி 18 பேரும் இறந்தார்கள். விசாரணை அறிக்கை, துணைக் காரணங்களில் ஒன்றாக வாடிக்கையாளர் கொடுத்த நெருக்கடியையும் சேர்த்தது.

'ஓடுதளம் தெரியவில்லையா? குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இறங்காதே, மேலே ஏறிவிடு' என்பது பைலட் படிப்பின் பாலபாடம். அதை மீறியதன் விலை தமிழர்களுக்குத் தெரியும். 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம், டெல்லியில் புழுதிப் புயலுக்கு நடுவே அந்த உயரத்துக்குக் கீழே இறங்கி மின்கம்பியில் மோதியது. 65 பேரில் 48 பேர் இறந்தார்கள். மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலம் அவர்களில் ஒருவர். அது வாடகை விமானம்கூட இல்லை, எல்லோரும் போகும் சாதாரண விமானம்.

வி.ஐ.பி.க்கள் பறக்கும் விமானங்களுக்கென்றே நம் அரசு 1981-ல் தனிச் சுற்றறிக்கை போட்டது. அதற்குப் பிறகும் பட்டியல் நீண்டது. 2001 செப்டம்பர் 30-ல் கான்பூர் கூட்டத்துக்குத் தனி விமானத்தில் போன மாதவராவ் சிந்தியா. உடன் இறந்த ஏழு பேரில் நான்கு பேர் பத்திரிகை, டி.வி.க்காரர்கள், என் ஜாதி. 2002 மார்ச் 3-ல் ஹெலிகாப்டரில் போன மக்களவை சபாநாயகர் பாலயோகி. 2009 செப்டம்பர் 2-ல் ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி, நல்லமலைக் காட்டில்.

இவர்கள் யாரும் பைலட்டை மிரட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. மிரட்டவே வேண்டாம். கீழே லட்சம் பேர் காத்திருக்கிறார்கள், பின்னால் பெரிய மனிதர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதுவே போதும், ஒரு மனிதனின் வாயை அடைக்க.

நான் காமர்ஸ் படித்தவன். எதிலும் வரவு செலவு பார்க்கிற புத்தி. ஓய்வில் இருக்கும் பைலட் முதலாளியின் கணக்கில் செலவு. அதனால்தான் அவர் ஓய்வை அவரது தைரியத்துக்கோ முதலாளியின் நல்ல மனசுக்கோ விடாமல் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். 'எனக்கு முடியவில்லை' என்று சொன்னால் வேலை போகலாம். 'சட்டம் அனுமதிக்கவில்லை சார்' என்று சொன்னால் முதலாளி முறைக்க மட்டும்தான் முடியும்.

அந்தச் செலவைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை 2025 டிசம்பரில் பார்த்தோம். பைலட்டுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தப்பட்டது. விதி 2024 ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஆனாலும் முழுதாக அமலான பிறகு இண்டிகோவில் பைலட் போதவில்லை. ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்து. கடைசியில் அரசே விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. 'என்னய்யா விதி இது' என்று விமான நிலையத்தில் பெட்டியோடு உட்கார்ந்து திட்டியவர்களில் நீங்களும் இருந்திருக்கலாம். கோபம் நியாயம்தான். ஆனால், தூக்கத்தில் இருக்கும் பைலட்டோடு பறக்க நீங்கள் சம்மதிப்பீர்களா?

அன்று விக்கிரவாண்டி தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். துபாய்க்காரர் முதலில் முணுமுணுத்தார். அப்புறம், "படுத்துக்கங்க தம்பி, ரெண்டு மணி நேரம் லேட்டானா வீட்டுல யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்றார். தம்பி சீட்டைச் சாய்த்த மறு நிமிடமே குறட்டை.

பைலட்டுக்குச் சட்டம் இருக்கிறது. ராத்திரி வாடகைக் கார் ஓட்டும் தம்பிக்கும் சட்டத்தில் வேலை நேரம் எழுதித்தான் இருக்கிறது. ஆனால் அதைக் காட்டி அவர் 'முடியாது சார்' என்று சொன்னால் யார் கேட்பது? அவருக்காக அதைச் சொல்ல வேண்டியவர், பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான்.

அடுத்தமுறை வண்டி ஏறும்போது, வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், தூங்கினீர்களா என்று கேளுங்கள்.