கொலுப்படியில் ஒரு வானூர்தி

வானில் ஊர்ந்து செல்லும் கலம் பற்றிய எண்ணம் தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 27ஆம் பாடலில், செலுத்துவோன் இன்றியே செல்லும் விண்ணூர்தி பேசப்படுகிறது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் அவ்வெண்ணம் ஒரு பொறியாகவே உருப்பெறுகிறது. பகை சூழ்ந்த வேளையில், கருவுற்றிருந்த தேவி விசயையைச் சச்சந்தன் மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். விசையை வலமாகத் திருப்பினால் எழும். இடமாகத் திருப்பினால் இறங்கும். அது சுடுகாட்டில் இறங்க, அங்கே சீவகன் பிறக்கிறான்.

இவற்றைச் சான்று காட்டிப் பழந்தமிழர் விமானம் செய்தனர் என வாதிடுவது என் கருத்தன்று. பொறி இருந்ததோ இல்லையோ, பொறியைப் பற்றிய கனவு இருந்தது. அக்கனவுக்குப் புலவர்கள் தம் நூல்களில் இடம் தந்தார்கள். நம் காலத்துக் கனவுக்கு நாம் இடம் தந்தோமா என்பதே மன்றத்தின் பத்தாம் ஆண்டு மலரில் நான் எழுப்ப விரும்பும் வினா.

திரையில் வந்த விண்கலம்

தமிழ்த் திரைக்கு விண்கலம் முன்னரே வந்துவிட்டது. அ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து 1963இல் வெளிவந்த 'கலை அரசி' இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. வேற்றுக் கோளினர் பூமிக்கு வருகின்றனர். அறிவியலில் மிக முன்னேறிய அவர்களிடம் கலை இல்லை. ஆகவே இசை கற்பிக்க ஒரு பெண்ணைக் கவர்ந்து செல்கின்றனர். விண்வெளிக் கதை என்றால் போரும் படையெடுப்பும் என்றிருந்த காலத்தில், பாட்டைத் தேடி வந்த கலத்தைத் தமிழ்ப்படம் ஒன்று காட்டியது என்பது கவிஞர்கள் நினைவிற்கொள்ளத் தக்க செய்தியாகும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1980களின் நடுப்பகுதியில், தூர்தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் 'ஸ்டார் ட்ரெக்' என்னும் அமெரிக்கத் தொடர் நம் வீடுகளுக்குள் வந்தது. பின்னர் 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா', 1989இல் 'இந்திரதனுஷ்' ஆகிய இந்தித் தொடர்கள் வந்தன. மயிலாப்பூரிலும் தியாகராயநகரிலும் அடையாற்றிலும் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டுக் கூடங்களில் தெருப்பிள்ளைகள் கூடியமர்ந்து இவற்றைக் கண்டனர். ஒரு தொடரின் ஆங்கிலம் பாதி புரியவில்லை. மற்றவற்றின் இந்தி முற்றும் புரியவில்லை. ஆயினும் கலம் புறப்படும்போது கூடம் அமைதியாகிவிடும்.

சுவைஞர் செய்த வரலாறு

'ஸ்டார் ட்ரெக்' 1966 செப்டம்பர் 8இல் தொடங்கி, மூன்று பருவங்களில் 79 பகுதிகளோடு 1969இல் முடிந்தது. தொலைக்காட்சி நிறுவனம் கைவிட்டதைச் சுவைஞர்கள் கைவிடவில்லை. அவர்கள் எழுதிக் குவித்த கடிதங்களின் பயனாகவே, 1976இல் அமெரிக்காவின் முதல் விண்ணோடத்துக்கு அத்தொடரின் கலத்துடைய பெயரான 'எண்டர்பிரைஸ்' சூட்டப்பட்டது. அக்கலத்தின் சிறு பிளாஸ்டிக் மாதிரிகளை வாங்கி ஒட்டிச் சேர்ப்பது உலகெங்கும் ஒரு பழக்கமாக வளர்ந்தது. படப்பிடிப்புக்கென மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் செய்யப்பட்ட ஏறத்தாழ 11 அடி நீள மாதிரி, 1974இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. செப்பனிடப்பட்டு, 2016 முதல் வாஷிங்டன் விண்வெளி அருங்காட்சியகத்தில் உண்மையான விண்கலங்களோடு ஒன்றாக வைக்கப்பெற்றது. ஒரு நாடகப் பொருளைத் தம் நாட்டு வரலாற்றின் பகுதியாக அவர்கள் மதித்தனர்.

மனிதர் படி

இனி மயிலாப்பூருக்கு வருவோம். அப்போது நான் தொடக்கப்பள்ளி மாணவி. அண்ணன் எட்டாம் வகுப்பு. கபாலீசுவரர் கோயிலை அடுத்த தெருவில் எங்கள் தாத்தா வீடு இருந்தது. பாண்டி பஜார் நடைபாதைக் கடைகளில் சாவி கொடுத்தால் ஓடும் மோட்டார் வண்டி கிடைத்தது, விண்கலம் கிடைக்கவில்லை. எனவே அண்ணன் தானே செய்தான். இரண்டு சிறு அலுமினியத் தட்டுகளை வாயோடு வாய் பொருத்தி ஒட்டினான். பேனா வைக்கும் தகரப் பெட்டி உடலாயிற்று. தீர்ந்துபோன டார்ச் பாட்டரிகள் இரண்டு எஞ்சின்களாயின. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் மேலே சுற்றப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் தீப்பெட்டியாலும் தெர்மோகோலாலும் ஆனவை சேர, பதினொரு கலங்கள் ஒரு பிஸ்கட் டின்னில் திரண்டன.

நவராத்திரி வந்தது. வடக்கு மாட வீதியில் வாங்கி வந்த புதுப் பொம்மைகளைப் பாட்டி படிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். கீழ்ப்படியில் செடி கொடிகளும் அடுத்துப் பறவை விலங்குகளும், அதன்மேல் மனிதர், முனிவர், தேவர் என ஏறிச் செல்வது கொலுவின் மரபுகளுள் ஒன்று. தொல்காப்பிய மரபியல் ஓரறிவு முதலாக உயிர்களை வகைப்படுத்திய முறையை இது எனக்கு இன்றும் நினைவூட்டும். படிக்கு முன்னால் கேழ்வரகு முளைவிட்ட மண்ணும் குளமாக ஒரு கண்ணாடியும் வைத்து நாங்கள் 'பார்க்' கட்டுவோம். அதில் இறக்கத் தன் கலத்தைக் கொண்டுவந்தான் அண்ணன். பாட்டி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ளே ஆள் உண்டோ?"

"நானூறு பேர் இருக்கா, பாட்டி."

"அப்போ மனுஷா படியிலே வை. மண்ணிலே எதுக்கு?"

செட்டியாருக்கும் செட்டிச்சிக்கும் அருகில், கல்யாண ஊர்வலப் பொம்மைகளுக்குப் பின்னால், அந்த அலுமினியக் கலம் அமர்ந்தது. வெற்றிலை பாக்குக்கு வந்த பெண்கள் எவரும் அதைப் பார்த்துச் சிரித்ததாக நினைவில்லை. மரபு என்பது மூடிய பெட்டி என்போர்க்கு, எழுத்தறிவு குறைந்த என் பாட்டி அன்று தந்த விடையாக அதனைக் கருதுகிறேன்.

இலக்கியமும் இதற்கு முற்றிலும் முகம் திருப்பவில்லை. 1935இல் திருவல்லிக்கேணியில் பிறந்த சுஜாதா, 'என் இனிய இயந்திரா'வை ஆனந்த விகடனில் தொடராக எழுதி, ஜீனோ என்னும் இயந்திர நாயைத் தமிழ் பேச வைத்தார். அது தூர்தர்ஷன் தொடராகவும் வந்தபோது, எங்கள் கூடத்தில் முதன்முறையாகப் பாட்டியும் கதை கேட்டார். 1988இல் கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் திறக்கப்பட்டது. வானம் எங்கள் ஊர்ப் பேருந்து செல்லும் தொலைவுக்கு வந்துவிட்டது.

என் பிழை

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2004இல் தாத்தா வீடு அடுக்குமாடிக் கட்டடத்துக்காக இடிக்கப்பட்டது. வீட்டை ஒழிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மரப்பாச்சிகளைப் பழம்புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். தசாவதாரச் செட்டைப் பத்திரப்படுத்தினேன். பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, பழைய தகரத்தோடு எடைக்குப் போட்டேன்.

அப்போது நான் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடிக்கும் நிலையில் இருந்தேன். பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சாமிநாதையர் நூலகத்தில் பல நாள்கள் அமர்ந்து குறிப்பெடுத்தவள். அழிந்துகொண்டிருந்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தவரின் பெயரால் அமைந்த இடம் அது. அவர் காத்தளித்த நூலில் பறக்கும் மயிற்பொறிக்கு உரை எழுதிக்கொண்டிருந்த கை, வீட்டிலிருந்த வானூர்தியைக் காயலான் கடைக்குத் தந்தது. பழையது என்றால் பனையோலை என்று மட்டுமே என் கல்வி எனக்குக் கற்பித்திருந்தது போலும். சில ஆண்டுகளுக்குப் பின், வெளிநாட்டிலிருந்து அண்ணன் தொலைபேசியில் "அந்தப் பாட்டரிக் கப்பல் இருக்கா?" என்று கேட்டபோது என்னிடம் விடை இல்லை.

நிறைவாக

2023 ஆகஸ்டு 23இல் சந்திரயான்-3 நிலவின் தென்துருவப் பகுதிக்கருகே இறங்கியது. அவ்வாண்டு நவராத்திரியில் சென்னைக் கொலுக்கள் பலவற்றில் ஏவூர்தியும் 'விக்ரம்' தரையிறங்கியும் இடம்பெற்றன. அவற்றுள் அட்டையால் பிள்ளைகளே செய்தவையும் இருந்தன. செய்தித்தாள்கள் அதனைப் புதுமை என்றெழுதின. எனக்கு அது பாட்டி தொடங்கிவைத்த வழக்கத்தின் தொடர்ச்சியாகவே பட்டது.

பத்தாண்டுகளில் நம் மன்றம் சங்கப் பாடல் முதல் புதுக்கவிதை வரை ஆராய்ந்துள்ளது. ஒருமுறையேனும் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கூடங்களைப் பற்றியோ, அங்கே பிறந்த அட்டைக் கலங்களைப் பற்றியோ நாம் பேசியதில்லை. கடிதம் எழுதிய சுவைஞர்கள் ஒரு விண்ணோடத்திற்குப் பெயர் பெற்றுத் தந்தனர். கவிதை எழுதத் தெரிந்த நாம், நம் வீட்டுப் பரணில் கிடப்பதற்கு ஒரு குறிப்பேனும் எழுத இயலாதா?

அன்பர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. வரும் நவராத்திரிக்குப் பெட்டிகளை இறக்கும்போது, பொம்மைகளுக்கு அடியில் பிள்ளைகள் செய்து வைத்த எதுவும் கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். யார் செய்தது, எந்த ஆண்டு, எதனால் ஆனது, எந்தப் படியில் வைக்கப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி மன்றத்துக்குத் தாருங்கள். முதல் தாளாக, கைக்கு எட்டாமற் போன பதினொரு கலங்களின் விவரத்தை நான் எழுதித் தருகிறேன்.