நாழிகை வழியும் வான்வழியும்

நம் முன்னோர் தூரத்தைக் காலத்தால் அளந்தனர். ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில், நடந்து கடக்கும் தொலைவை ‘நாழிகை வழி’ என்றனர். காரக்கோணம், பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த மலையாள வழக்கிலும் நாழிகை என்னும் சொல் காலம், தொலைவு ஆகிய இரண்டையும் குறிக்கும். நம் பகுதியின் வான்வழி வரலாற்றை ஆராய இப்பழைய அளவையே நமக்குத் துணையாகிறது.

திருவனந்தபுரத்துக்கும் பம்பாய்க்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 1,260 கிலோமீட்டர் தூரம் உண்டு. ஆனால் பழைய நாளில் இரயில் ஏறியவர் நேர்க்கோட்டில் சென்றாரல்லர். 1904-இல் செங்கோட்டை மலைவழியே கொல்லத்தை அடைந்த இருப்புப்பாதை, 1918-இல் திருவனந்தபுரம் வரை நீண்டது. கொல்லத்துக்கு வடக்கே எர்ணாகுளம் செல்ல அக்காலத்தில் இரயில் இல்லை. ஆகவே, வடமேற்கிலுள்ள பம்பாயை நாடியவர் முதலில் கிழக்கே மலையைக் கடந்து, பாண்டி நாட்டைச் சுற்றி, இரவும் பகலுமாகப் பல நாழிகை பிரயாணம் செய்ய நேர்ந்தது.

இந்நிலையை மாற்றியது விமானம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் பையுடன் பம்பாய்க்குப் பறந்தார். அங்கிருந்து சென்னைக்கு அதனைக் கொண்டு சென்றவர் நெவில் வின்சென்ட். திருவிதாங்கூரில் கோதவர்ம ராஜா விமானக் கலையில் பேரார்வம் காட்டினார். அவர் முயற்சியால் திருவனந்தபுரத்தில் விமான நிலம் அமைந்தது. 1935 அக்டோபர் இறுதியில் டாட்டாவின் ‘பாக்ஸ் மாத்’ விமானம் பம்பாயிலிருந்து கோவா, கண்ணனூர் வழியாக அங்கு வந்திறங்கியது. நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர் அஞ்சலைச் சுமந்து பம்பாய்க்குத் திரும்பிற்று.

மணி கட்டிய கோலேந்தி அஞ்சலோட்டக்காரர் ஓடிய நாட்டில், அஞ்சற்பை வானேறிய நிகழ்ச்சி இது. அச்சிறு விமானத்தில் மூவர் நால்வருக்கே இடமுண்டு. ஆகவே சாமானிய மக்களுக்கு முன்னதாக அவர்தம் கடிதமே பறந்தது எனலாம். அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். ஒரு நாழிகைக்கு 60 கிலோமீட்டர். இடையே இறங்கி எண்ணெய் நிரப்பும் நேரமும் சேரும். இன்றைய ஜெட் விமானமோ பம்பாயை இரண்டு மணி நேரத்தில், அதாவது ஐந்து நாழிகையில், எட்டிவிடுகிறது.

1991-இல் திருவனந்தபுரம் பன்னாட்டு விமான நிலையமாயிற்று. இன்று துபாய்க்குள்ள ஏறக்குறைய 2,950 கிலோமீட்டரைக் கடக்க நான்கு மணி நேரமே ஆகிறது. காலை 4 மணிக்குப் புறப்பட்டவர் இறங்கும்போது அவ்வூர்க் கடிகாரம் 6.30 என்றே காட்டும். நம் நேரத்துக்கு அது ஒன்றரை மணி பின்தங்கியது.

ஆயினும், வளைகுடா நாட்டில் உழைக்கும் ஒரு மகனுக்குத் தாயின் நோய்ச்செய்தி எட்டினால், அவன் கணக்கிடுவது இந்த நான்கு மணி நேரத்தையா? விடுப்புக் கிடைக்கும் நாள், சீட்டுக்குப் பணம் சேரும் நாள், அதன்பின்னரே விமானம். அன்று கடிதம் வந்து சேரக் காத்திருந்தது குடும்பம். இன்று குரல் நொடியில் வந்துவிடுகிறது. மகன் வரக் காத்திருக்கிறது. வான்வழியை நாழிகையால் அளக்கும் நாம், இக்காத்திருப்பையும் வழித்தொலைவோடு சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.