கொய்னா நீரும் இரு கரை முதலைகளும்

புணே நகரிலிருந்து குளிர்கால வார இறுதிகளில் கொங்கணத்திற்கு இறங்கும் பயணிகளுள் ஒரு பகுதியினர் கடலைக் காணுமுன் சிப்ளூணிலேயே தங்கிவிடுகின்றனர். வாசிஷ்டி ஆற்றின் சேற்றுத் திட்டுகளில் வாய் பிளந்து வெயில் காயும் முதலைகளே அவர்களை அங்கு நிறுத்துபவை. படகோட்டி இயந்திரத்தை அணைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் 'மகர்' என்கிறார். கைப்பேசிகள் உயர்கின்றன.

அச்சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. வடமொழி மகரத்திலிருந்து மராத்தியும் இந்தியும் பெற்ற 'மகர்', ஆங்கிலேயர் நாவில் 'மக்கர்' ஆகி, இன்று சதுப்பு முதலைக்கு உலக உயிரியல் நூல்கள் வழங்கும் ஆங்கிலப் பெயராகவே நிலைத்துவிட்டது. தமிழுக்கு வந்த மகரமோ சுறாவாயிற்று. காமனின் மகரக்கொடி நம்மிடம் சுறவுக்கொடி. மராத்தியில் முதலை இனத்திற்கு வழங்கும் மற்றொரு சொல் 'சுசர்'. அது சிசுமாரத்தின் வழிவந்தது. அதே சிசுமாரம் கங்கைச் சமவெளியில் 'சூன்ஸ்' எனத் திரிந்து ஆற்று ஓங்கிலைக் குறிக்கிறது. வடமொழி நக்ரத்தைக் கன்னட 'நெகழ்' முதலிய திராவிடச் சொற்களோடு இணைத்துக் காணும் மொழியியலாளர் உண்டு. நாம் முதலைக் கண்ணீர் என்பதை மராத்தியர் 'நக்ராஸ்ரு' என்பர். நமது முதலைப்பிடி அவர்களுக்கு 'மகர்மிட்டி'. இலங்கையில் கும்பீரம் 'கிம்புலா' ஆகி, தேநீர்க்கடை இனிப்புப் பணிசுக்கும் பெயர் தந்திருக்கிறது. முதலையைக் கடித்துத் தின்னும் பேறு சிங்களத்திற்கே வாய்த்தது.

இச்சொற்களைப் படைத்த மக்கள் முதலையைக் காணப் பயணம் போகவில்லை. குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என மூன்றைப் பிரித்துச் சொல்கிறது. ஆனால் அங்கு அவை இரவில் தலைவன் வரும் வழியின் இடர்கள். அவிநாசியில் சுந்தரர் மீட்டதாகச் சொல்லப்படும் சிறுவனும் முதலை விழுங்கியவனே. முதலை தவிர்க்கப்பட வேண்டியது, அல்லது வணங்கப்பட வேண்டியது. பணமும் நேரமும் செலவிட்டுப் பார்க்கத்தக்க காட்சியாக அது மாறியது பிற்காலத்தில்.

அம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் இடம் கராச்சிக்கு அருகிலுள்ள மங்கோப்பீர். வெந்நீர் ஊற்றும் அடக்கத்தலமும் முதலைக் குளமும் ஒன்றாய் அமைந்த தலம் அது. ஆப்பிரிக்க வழியினரான சீதி மக்கள் அங்குள்ள முதலைகளைப் பீரின் உடைமையாகக் கருதி, தலைமுதலைக்கு மாலையிட்டு இறைச்சி படைத்து விழா எடுப்பவர்கள். 1843இல் சிந்து ஆங்கிலேயர் வசமாகி, 1847இல் பம்பாய் மாகாணத்தோடு சேர்ந்தது. ஆளுநர் மழைக்காலத்தைக் கழித்த புணேயும் பாலைவன விளிம்பிலிருந்த கராச்சியும் இவ்வாறு ஒரே ஆட்சியின் கீழ் வந்தன. பணியின் சலிப்பில் இருந்த இளம் அதிகாரிகளுக்கு மங்கோப்பீர் ஒரு கேளிக்கைக் களமாயிற்று. அவர்களுள் ஒருவராயிருந்த ரிச்சர்ட் பர்ட்டன் சிந்து பற்றி 1851இல் வெளியிட்ட நூலில் இக்குளத்தை வருணிக்கிறார். முதலைகளின் முதுகுகளை மிதித்தே குளத்தைக் கடந்த இளைஞர் ஒருவரின் செயலும் அக்காலக் கதைகளுள் ஒன்று. தென்னமெரிக்காவில் சார்லஸ் வாட்டர்ட்டன் 1820இல் கைமன் ஒன்றின் முதுகில் அமர்ந்ததாக எழுதிய செய்தி அதற்கு முன்பே புகழ் பெற்றிருந்தது. வெப்பமண்டலப் பயணி தன் துணிவை முதலையின் முதுகில் அளந்து பார்த்த காலம் அது. சீதியர் கண்ணில் அச்செயல் எவ்வாறு பட்டிருக்கும் என்பது பயணநூல்கள் கேட்காத கேள்வி.

துப்பாக்கியும் தோல் வணிகமும் அடுத்த நூறாண்டில் எஞ்சியவற்றையும் அழிவின் விளிம்புக்குத் தள்ளின. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலை வேட்டையைத் தடுத்தது; ஐ.நா. அமைப்புகளின் துணையோடு 1975இல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை நிறுவினர். இருளர்களின் அறிவு அம்முயற்சிக்குப் பெருந்துணையாயிற்று. நுழைவுக் கட்டணம் செலுத்திப் பார்க்க வந்த கூட்டமே பண்ணையின் செலவில் ஒரு பங்கைத் தாங்கியது. வேடிக்கை பார்ப்பவரின் காசு காவலுக்கு உதவலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

புணேயிலும் இதற்கு ஓர் இணை உண்டு. 1980இல் நீலிம்குமார் கைரே நச்சுப்பாம்புகள் 72 உடன் ஒரு கண்ணாடிக் கூண்டில் 72 மணி நேரம் தங்கிக் காட்டினார். அது வித்தையேதான். ஆயினும் பாம்பு காரணமின்றித் தீண்டுவதில்லை என்பதை ஊருக்கு உணர்த்துவதே அவர் நோக்கம். 1986இல் காத்ரஜில் எழுந்த பாம்புப் பூங்காவின் பின்னணியில் அந்தக் கூண்டும் இருக்கிறது.

வாசிஷ்டிக்குத் திரும்பினால், கேள்வி இத்தனை எளிதாக இல்லை. மலைநாட்டிலிருந்து கொங்கணத்துக்கு இறங்கும் சிற்றாறுகள் பலவும் கோடையில் மெலிந்துவிடுபவை. வாசிஷ்டியோ கோடையிலும் நீர் குன்றாதது. காரணம் சகியாத்திரிக்கு அப்பால் இருக்கிறது. கொய்னா ஆறு கிருஷ்ணையின் கிளை. இயல்பில் கிழக்கே வங்கக்கடலைச் சேர வேண்டியது. 1960களில் அணை கட்டி, அதன் நீரில் பெரும்பங்கை மலையைக் குடைந்த சுரங்கங்கள் வழியே மேற்கே இறக்கி மின்சாரம் எடுத்தனர். அந்நீர் போபளி மின்நிலையத்தைக் கடந்து வாசிஷ்டியில் கலக்கிறது. எஞ்சிய கொய்னா நீர் கராடில் கிருஷ்ணையோடு கூடிச் சாங்லியை நோக்கிச் செல்கிறது.

இரு திசைகளிலும் வாழ்வது அதே சதுப்பு முதலை. மேற்கே சிப்ளூணில் அது சுற்றுலாப் பொருள். படகுக்காரருக்கும் விடுதிக்காரருக்கும் பருவகால வருவாய். கிழக்கே சாங்லி மாவட்டத்தில் கிருஷ்ணைக் கரையோரச் சிற்றூர்களில் அது அச்சத்தின் பெயர். ஆற்றின் விளிம்புவரை கரும்பு இறங்கிவிட்டது; நீரிறைப்புப் பொறியை இயக்கவும் துணி துவைக்கவும் மாட்டைக் குளிப்பாட்டவும் மக்கள் முதலை வெயில் காயும் அதே கரையில் இறங்குகின்றனர். முட்டையிட முதலைக்குத் தேவையான மண்கரையும் செங்கல் சூளைக்குத் தேவையான மண்ணும் ஒன்றே. இரு மாவட்டங்களிலும் சட்டம் ஒன்றுதான், முதலையைத் தொடக்கூடாது. அதனால் வரும் பயன் ஒரு கரையிலும் இழப்பு மறுகரையிலுமாகச் சேர்கின்றன என்பதைச் சட்டம் கணக்கில் கொள்வதில்லை. சாங்லி உழவரிடம் முதலையின் அருமையைப் பேசும் நகரத்து ஆர்வலர், சிப்ளூண் படகுக் கட்டணம் அவர் கையை எட்ட வழியில்லை என்பதையும் நினைத்துக்கொண்டே பேச வேண்டும்.

படகின் அருகில் முதலையை வரவழைக்க இறைச்சித் துண்டு எறியும் வழக்கம் உலகின் பல சுற்றுலாத் தலங்களில் உண்டு. மங்கோப்பீரில் படையலாக இருந்த அது இங்கு வணிக உத்தி. மனிதரையும் உணவையும் சேர்த்தறிந்த முதலை, படகுக்கும் துணி துவைக்கும் படித்துறைக்கும் வேறுபாடு காண்பதில்லை. எனவேதான் இயந்திரத்தை அணைத்து, தொலைவில் நின்று, எதையும் எறியாமல் பார்த்துத் திரும்பும் படகோட்டியின் ஒழுக்கம் சிறு மரியாதையன்று. அவர் ஊர்ப் பெண்களின் பாதுகாப்பு அதில் அடங்கியிருக்கிறது.

2024 ஜூன் இறுதியில் ஒரு மழையிரவு, சிப்ளூண் நகரச் சாலையொன்றில் முதலை ஒன்று வாகனங்களின் விளக்கொளியில் நிதானமாக நடந்து சென்றது. அக்காணொளி நாடெங்கும் பரவியது. சுற்றுலாப் பருவம் அன்று அது; ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்த காலம்.