களிமண் முற்றத்தில் செயற்கைப் புல்தரை

மழைநீர் வடியாத களிமண் முற்றங்களில் ஜல்லிப் படுகை அமைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் புல் விரிக்கும் முறை. அமெரிக்காவின் டெக்சஸில் டாலஸ் நகரைச் சூழ்ந்த கரும் களிமண் நிலம் இத்தகைய மண்ணுக்குத் தக்க எடுத்துக்காட்டு. நம் கரிசலைப் போலவே அம்மண்ணும் நனைந்தால் உப்பும். காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். களிமண் துகள் 0.002 மி.மீ.க்கும் சிறியது, துகள்களுக்கு நடுவே இடைவெளி மிக நுண்ணியது என்பதால் நீர் மெதுவாகவே இறங்கும்.

உண்மையில் நீரை வடிப்பது புல்லன்று, அடிப்படுகையே. மேல்மண்ணைச் சுமார் 10 செ.மீ. வெட்டியெடுத்து, வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கமாகச் சரியும்படி தரையை மட்டம் பார்ப்பார்கள். ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. வாட்டம் போதும். அடுத்து வடிதுணி. இதை விரிக்காவிட்டால் சேறு மேலேறி ஜல்லியின் இடுக்குகளை அடைத்துவிடும். அதன்மேல் ஜல்லி பரப்பித் திமிசு போட்டு இறுக்குவார்கள். படுகையில் இறங்கும் நீரைக் களிமண் எளிதில் உறிஞ்சாது. துளையிட்ட குழாய் வழியே அது வெளியேற ஓரிடம் கட்டாயம் வேண்டும். இதை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் விரிப்பது வீண்செலவு.

கோடை வெயிலில் பிளாஸ்டிக் புல் இயற்கைப் புல்லைவிட மிக அதிகமாகச் சூடேறும். குழந்தைகள் வெறுங்காலுடன் விளையாடும் முற்றமானால் நிழலும் அவசியம்.